கரையில் தெரியும் கைவேலை

கொல்லையில் சின்னதாக ஒரு குளம் வெட்டியிருக்கிறேன், வந்து பாருங்கள் என்று யாராவது கூப்பிட்டால் என் கண் முதலில் தண்ணீருக்குப் போவதில்லை. அல்லியும் மீனும்கூட அப்புறம்தான். கரையைத்தான் பார்ப்பேன். தண்ணீர் முடிந்து மண் தொடங்குகிற அந்த நான்கு விரற்கடையை எப்படிச் சமாளித்திருக்கிறார் என்று பார்த்தாலே வெட்டியவருடைய கை தெரிந்துவிடும். பள்ளம் யார் வேண்டுமானாலும் தோண்டலாம். பிளாஸ்டிக் ஷீட்டை விரித்துத் தண்ணீர் விடுவது ஒரு பகல் வேலை. கரைக்குத்தான் யோசனையும் பொறுமையும் செலவாகும்.

கெட்ட கரைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி கெடுகின்றன. உருண்டைக் கல்லை ஒரே அளவில் பொறுக்கி, ஒன்றையொன்று தொட்டபடி சுற்றிலும் அடுக்கிவிடுவார்கள். குளத்துக்கு யாரோ பாசிமணி மாட்டிவிட்டதுபோல இருக்கும். கல்லுக்குக் கீழே நீல ஷீட் இரண்டு அங்குலம் எட்டிப் பார்க்கும். பெரும்பாலும் மொச்சைக்கொட்டை வடிவம் வேறு. அந்த வடிவத்தை யார் பரப்பிவிட்டார்களோ தெரியவில்லை, வீட்டுக்குளம் என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டது. வளைவு வேண்டுமென்றால் பழைய தோட்டக் குழாயைத் தரையில் போட்டு வளைத்து, சமையலறை ஜன்னலிலிருந்தும் மாடியிலிருந்தும் சில நாள் பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுக்கலாம். அதற்குள் வெயில் எங்கே எத்தனை மணிக்கு விழுகிறது என்பதும் தெரிந்துவிடும். அல்லி பூக்க ஐந்தாறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். வேம்புக்கும் புளிக்கும் அடியில் வெட்டினால் சருகு அள்ளியே ஆயுள் போகும்.

கரையின் முதல் பாடம் மட்டம். பத்தடி நீளத் தரை ஒரு பக்கம் மூன்று அங்குலம் சரிந்திருந்தாலும் நம் கண்ணுக்குச் சமதளமாகத்தான் படும். தண்ணீரை அப்படி ஏமாற்ற முடியாது. நிரப்பின உடனே ஒரு பக்கம் வழியும், மறுபக்கம் ஷீட் வெளியே தெரியும். இதற்குக் கொத்தனார் கையிலுள்ள லெவல் டியூபை மிஞ்சிய கருவி கிடையாது. அரை அங்குலக் கண்ணாடிக் குழாய், உள்ளே தண்ணீர், ஆளுக்கொரு முனை. சுற்றிலும் முளைக்குச்சி அடித்து, குழாயில் நீர் நிற்கும் இடத்தைக் குச்சிக்குக் குச்சி கோடு போட்டுக்கொண்டே வர வேண்டும். குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழ் மாட்டியிருந்தாலும் அளவு பிசகும்; நுனியைத் தட்டி அதை வெளியேற்றிவிட்டு அளப்பவரே நல்ல வேலைக்காரர்.

அடுத்தது ஷீட். பண்ணைக்குட்டைகளுக்குப் போடுகிற 500 மைக்ரான் கறுப்பு ஷீட்டே வீட்டுக்குளத்துக்குப் போதும். நீளத்தோடு ஆழத்தை இரண்டு மடங்காகக் கூட்டி, விளிம்புக்கு இரண்டடி விட்டுக்கொள்ள வேண்டும், அகலத்துக்கும் அப்படியே. 10 அடி நீளம், 7 அடி அகலம், 2 அடி ஆழம் என்றால் 16-க்கு 13 அடி ஷீட். அதில் நிற்கப்போவது ஏறக்குறைய மூன்று நான்கு டன் தண்ணீர். அடியில் ஒரு கூர்க்கல் கிடந்தாலும் அந்தப் பாரத்தில் பொத்துவிடும். பழைய சாக்கை இரண்டு மடிப்பாக விரித்து அதன்மேல் போடுவது நல்லது. நிறம் கறுப்பாகவே இருக்கட்டும். நீலம் நீச்சல்குளத்துக்கு. கறுப்படியில்தான் வானம் முழுசாக விழும், அதுவும் தாழ்வாக உட்கார்ந்து சாய்ந்த பார்வையில் பார்க்கும்போது. நின்று குனிந்து பார்ப்பவருக்கு மீன் தெரியும்.

ஷீட்டின் ஓரத்தை மறைப்பதில்தான் வித்தையே இருக்கிறது. தட்டைக் கற்களைத் தண்ணீருக்கு மேலே ஒன்றரை அங்குலம் நீட்டிப் பதித்தால் அவற்றின் நிழலிலேயே ஷீட் மறைந்துபோகும். கல்லுக்குப் பின்னால் ஷீட்டின் நுனி நிமிர்ந்து நிற்க வேண்டும். மண்ணுக்குள் மடித்துப் புதைத்துவிட்டால் புல்லும் மண்ணும் விளக்குத்திரிபோல் நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். குளம் ஒழுகுகிறது என்று தலையில் கை வைப்பவர்களில் பலருக்கு ஓட்டை இருப்பது அடியில் அல்ல, இந்த ஓரத்தில்.

கோடையில் ஒழுகாத குளமும் குறையும். நாளொன்றுக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் ஆவியானால் வாரத்தில் ஒன்றரை அங்குலம். இந்த விஷயத்தில் நம் கோயில் குளங்களைக் கட்டியவர்களை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. திருமலை நாயக்கர் மதுரையில் கட்டிய வண்டியூர் தெப்பக்குளம் நிறைந்தாலும் அழகு, பாதி வற்றினாலும் அழகு. நீர் எந்தப் படியில் நின்றாலும் அதுவே கரை. வீட்டுக்குளத்தில் அத்தனை படிக்கு இடமில்லை. ஆனாலும் உள்சுவரில் ஓரடி ஆழத்தில், ஓரடி அகலத்தில் ஒரு படி விட்டால் பாதி பிரச்சினை தீரும். அதில் வசம்பும் கல்வாழையும் வைக்கலாம். ஒரு பக்கம் மட்டும் சரிவாக்கிக் கூழாங்கல் கொட்டினால் தவளை ஏறிவரும், தவிட்டுக்குருவி குளிக்க இறங்கும். தவழும் குழந்தை இருக்கும் வீடு என்றால் இதெல்லாம் பொறுக்கட்டும்; ஓரடித் தண்ணீரும் ஆபத்துதான்.

விடிகாலையில் அந்த வசம்புத் தாளை உற்றுப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். நீருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பழுப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். தட்டானின் சட்டை அது. தண்ணீருக்குள் கொசுப்புழுவைத் தின்று வளர்ந்த புழு இரவில் தாளில் ஏறி, முதுகைப் பிளந்துகொண்டு சிறகோடு வெளியேறியிருக்கிறது. ஆறு காலும் பிடித்த பிடி விடாமல் இருக்கும். பிளவிலிருந்து மெல்லிய வெள்ளை நூல்கள் தொங்கும். அவை அதன் மூச்சுக்குழல்களின் உட்தோல். ஏறிவர ஒரு தாள் இல்லாத சிமெண்ட் விளிம்பில் இதைப் பார்ப்பது அரிது.

மீனுக்கு அதிகம் அலைய வேண்டாம். வயல் வாய்க்காலில் நீர்மட்டத்தை ஒட்டியே திரியும், உச்சந்தலையில் வெள்ளிப்பொட்டு வைத்த சிறுமீன் கொசுப்புழுவுக்குப் போதும். சிமெண்டில் கட்டினால் அதன் காரம் போகும்வரை எதையும் விடக்கூடாது. வாழைத்தண்டைத் துண்டு போட்டு ஊறவைத்து நீரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். முதல் சில வாரம் தண்ணீர் பச்சையாகும். மருந்து ஊற்றாதீர்கள். அல்லி இலை பாதிப் பரப்பை மூடும்போது தானே தெளியும்.

கரையே வேண்டாம் என்றவரும் ஒருவர் உண்டு, ஓவியர் மோனே. லத்தூர்-மார்லியாக் என்ற பிரெஞ்சுக்காரர் வளர்த்த வண்ண அல்லிகள் 1889 பாரிஸ் கண்காட்சியில் பெயர் வாங்கின. 1893-இல் மோனே ழிவெர்னி என்ற ஊரில் இடம் வாங்கி, ஓடைநீரைத் திருப்பி அத்தகைய அல்லிகளுக்குக் குளம் அமைக்கப் போனபோது, அயல்நாட்டுச் செடியால் தண்ணீர் கெடும் என்று ஊரார் எதிர்த்தார்கள். முதலில் வரைந்த படங்களில் பாலமும் கரையும் இருந்தன. போகப்போகக் கரை மேல்விளிம்புக்கு ஒதுங்கி, பிறகு காணாமலே போனது. 1927-இல் பாரிஸ் ஒராஞ்செரி அருங்காட்சியகத்தில் திறக்கப்பட்ட பெரும்படங்கள் பலவற்றில் நீரும் இலையும் வானமும்தான். பார்க்கப் பிரமாதம். ஆனால் அந்தச் சலுகை தூரிகைக்கு மட்டும்தான். அவருடைய நிஜக் குளத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொள்ளத் தோட்டக்காரர்கள் இருந்தார்கள்.

நம் ஊரில் கரைக்குக் கடைசிச் சோதனை ஐப்பசி அடைமழை. வழிய ஓர் இடம் வைக்காவிட்டால் தண்ணீரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும், மீனையும் கூட்டிக்கொண்டு. ஒரே ஒரு கல்லை அரை அங்குலம் தாழ்த்தி, அதன் வாயில் சல்லடை வைத்து வாழைப்பாத்திக்கு வெட்டிவிட்டால் முடிந்தது. கற்களின் இடுக்கில் வல்லாரையை ஊன்றிவிட்டால் ஒரு பருவத்தில் ஓடிப் படர்ந்து கல்லின் கூர்மையையும் ஷீட்டின் மிச்சத்தையும் மூடிவிடும். அளவுக்கு மீறிப் படர்ந்தால் கத்திரிக்கோல் தேட வேண்டாம், துவையலுக்குப் பறித்துக்கொண்டு போகலாம்.