கட்டுமரமும் கட்டவிழ்ந்த பொருளும்

ஆங்கிலம் தமிழிடம் கடன்கொண்ட சொற்களை எண்ணிக் காட்டி மகிழ்வது நம் சங்க மலர்களின் நெடுநாள் வழக்கம். சுருட்டு, மிளகுத்தண்ணீர், கட்டுமரம் எனத் தொடங்கும் அப்பட்டியல் பெரும்பாலும் அத்துடன் முடிந்தும் போகும். கடன்கொண்டவர் அச்சொல்லை என்ன செய்தனர் என்று நாம் வினவுவதில்லை.

டாம்பியர் என்னும் கடலோடி 1697இல் வெளியிட்ட பயண நூலிலேயே கட்டுமரம் 'கேட்டமரான்' ஆகிவிட்டது. 1804இல் பிரெஞ்சுக் கலங்களைத் தகர்க்க ஆங்கிலேயர் ஏவிய மிதவை வெடிகளுக்கும் அதுவே பெயர். 1811இல் இலண்டனில் வெளிவந்த கொச்சைமொழி அகராதியோ, மெலிந்து வற்றிய கிழவி என்று அதற்குப் பொருள் எழுதிற்று! பின்னர்ச் சண்டைக்காரி என்னும் வசைப்பொருளும் ஏறியது. சொல்லின் முன்னே ஒலிக்கும் 'கேட்' ஆங்கிலச் செவிக்குப் பூனையாகப் பட்டிருக்கலாம் என்று கருதுகிறோம்.

1876இல் ஹெரஷாஃப் என்னும் அமெரிக்கர் கட்டிய இரட்டை உடற்படகு நியூயார்க் பந்தயத்தில் வென்றது. நாளடைவில் அவ்வகைப் படகுக்கே இப்பெயர் நிலைத்தது. அடுத்து வந்த மூன்றுடற்படகு 'டிரைமரான்' ஆயிற்று. மரம் என்பதன் திரிபாகிய 'மரான்' படகின் உடலைக் குறிப்பதாகக் கொள்ளப்பட்டது. கட்டு அறுந்து வீழ்ந்தது.

காஞ்சிரம் என்னும் எட்டிமரமும் குளமும் கூடி ஊர்ப்பெயரான காஞ்சிரங்குளத்தவர்க்குக் கூட்டுச்சொல்லின் இயல்பை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1956இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைய, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மீனவர் நாவில் அச்சொல்லுக்கு எல்லை விழவில்லை. புல்லுவிளை, பூவாறு கரைகளில் மரம் கரையேறியதும் கட்டை அவிழ்ப்பர். நீருண்ட மரங்களைத் தனித்தனியே உலர்த்துவர். மீண்டும் கட்டிக் கடலிலிறங்குவர். 1980களில் ஒட்டுப்பலகைப் படகுகள் பரவும்வரை இதுவே அங்குப் பெருவழக்கு.

கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என முக்காலமும் கரந்து நிற்பதால் இச்சொல்லை வினைத்தொகை என்கிறோம். நாள்தோறும் அவிழ்ந்து நாள்தோறும் கட்டப்படும் பொருளுக்கு இதனினும் பொருந்திய பெயர் அமைதல் அரிது. இலக்கண வகுப்பில் ஊறுகாயையே எடுத்துக்காட்டும் ஆசிரியர்கள் இதனை ஏன் மறந்தனரோ!

கட்டு என்பதைப் பெயராகக் கொண்டு, கட்டினால் ஆகிய மரம் என விரிப்பாரும் உளர். அவ்வாறு விரிப்பினும் இரண்டு என்னும் எண்ணுக்கு அங்கே இடமில்லை. மூன்று மரமாயினும் ஐந்தாயினும் அது கட்டுமரமே.