கீழ்த்தாடை: ஒரு பெயர், பல உறுப்புகள்

புங்குடுதீவின் கடலிலும் வளவுகளிலும் வாழும் உயிர்களை அவற்றின் கீழ்த்தாடையைக் கொண்டே ஒப்பிட்டுப் படிக்கலாம். முரல், சுறா, நண்டு, ஆடு, அயலிலுள்ள நெடுந்தீவின் குதிரை எல்லாவற்றுக்கும் தாடை என்ற ஒரே பெயரைத்தான் வழங்குகிறோம். அப்பெயர் எங்கே உறவைக் காட்டுகிறது, எங்கே தொழிலை மட்டும் காட்டுகிறது என்று பிரித்தறிவதே ஒப்பீட்டு உடற்கூற்றியலின் முதற்பாடம்.

முரல் என்ற பெயருக்குள் இருவகை மீன்கள் அடங்கும். ஒன்றுக்கு இரு தாடைகளும் ஊசிபோல் நீண்டவை. மற்றதற்குக் கீழ்த்தாடை மட்டுமே நீளும். முதல்வகையின் குஞ்சுப் பருவத்தில் கீழ்த்தாடைதான் முந்தி வளரும். மேல்தாடை பிறகே அதை எட்டும். ஆகவே குஞ்சின் வாயை மட்டும் பார்த்து இனத்தைத் துணிய முடியாது.

சுறாவின் கீழ்த்தாடை முழுவதும் குருத்தெலும்பு. முரல் போன்ற மீன்களில் பல் தாங்கும் எலும்பும் மூட்டெலும்பும் வேறுவேறாக இருக்கின்றன. முலையூட்டிகளில் பல் தாங்கும் எலும்பே முழுத்தாடையாகிவிட்டது. பழைய மூட்டெலும்புகள் எங்கே போயின? 1837இல் ஜெர்மானிய அறிஞர் ரைஹர்ட், கருவளர்ச்சியை ஆராய்ந்து அவற்றை நடுக்காதில் கண்டார். மீனின் தாடையை அசைக்கும் மூட்டு, ஆட்டின் காதில் ஒலியைக் கடத்தும் சிற்றெலும்புகளாக மாறியிருக்கிறது.

ஆட்டுக்கு மேல்வாயின் முன்புறத்தில் பல் இல்லை. தடித்த ஈறுதான் உண்டு. கீழ்த்தாடையின் எட்டு முன்பற்கள் அந்த ஈற்றில் அழுந்திப் புல்லைப் பற்றுகின்றன. ஏறத்தாழ ஒன்றேகால் வயதில் முதற்சோடி நிலைப்பற்கள் வரும். நான்கு வயதளவில் நான்கு சோடியும் நிறைந்துவிடும். ஆடு வாங்குபவர் கீழுதட்டை விலக்கிப் பல் பார்த்து வயதைக் கணிப்பது இதனால்தான். குதிரைக்கோ மேலும் கீழும் முன்பற்கள் உண்டு. அது புல்லை இருபுறமும் கடித்தே அறுக்கிறது.

நண்டின் கதை வேறு. அதன் தாடைகள் பக்கவாட்டில் அசைபவை. காலை ஒத்த உறுப்புகள் உருமாறி உண்டானவை. ஆட்டின் தாடையோடு அவற்றுக்குத் தொழில் உறவு உண்டு, பிறப்புறவு இல்லை.

இவற்றுக்கெல்லாம் தமிழில் பெயரிடும் முயற்சிக்கு யாழ்ப்பாணம் முன்னோடி. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 'மனுஷ அங்காதிபாதம்' என்ற உடற்கூற்று நூல் 1872இல் வெளிவந்தது. முதலில் தமிழ்ச்சொல்லைத் தேடுவது, கிடைக்காவிட்டால் வடமொழியை நாடுவது, அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்ப்பது என்பதே அவர் வகுத்த நெறி. பின்வந்த இலங்கை உயிரியல் நூல்களில் கீழ்த்தாடைக்குச் சிபுகம் என்ற வடசொல் இடம்பெற்றது. பூச்சியின் தாடைக்கும் அதையே வழங்கினர். அச்சொல்லின் மூலப்பொருள் மோவாய். யாழ்ப்பாணத்தார் நாடி என்று சொல்லும் அந்த முன்தள்ளிய எலும்பு மனிதருக்கே உரியது. பூச்சிக்கு அதைச் சூட்டியது மாணவரை வீணாகக் குழப்புகிறது.

முதுகெலும்புள்ளவற்றுக்குத் தாடை என்றும், நண்டுக்கும் பூச்சிக்கும் 'வாயுறுப்பு' என்றும் பிரித்து வழங்கினாலே பாதித் தெளிவு வந்துவிடும். புங்குடுதீவுப் பள்ளி ஆய்வுகூட மேசையில் ஒரு முரலையும் ஒரு நண்டையும் ஓர் ஆட்டுத்தாடையையும் அருகருகே வைத்தால், மீதியை மாணவர் தம் கண்ணாலேயே கற்றுக்கொள்வர். பெயர்கள் அதன் பிறகு வரட்டும். அப்போது அவை மனத்தில் நிற்கும்.