ஐந்து பேர் போதுமா?

ஒரு செயலியோ இணையதளமோ வெளிவருமுன் மென்பொருள் நிறுவனங்கள் ‘யூசபிலிட்டி டெஸ்ட்’ என்று ஒன்றை நடத்துகின்றன. ஒருவரை உட்காரவைத்து, டிக்கெட் எடுங்கள், பணம் அனுப்புங்கள் என்று ஏதேனும் ஒரு வேலையைக் கொடுத்து, மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்வார்கள். அவர் எங்கே திணறுகிறார் என்பதை ஆய்வாளர் குறித்துக்கொள்வார். இப்படி எத்தனை பேரைச் சோதிப்பது? துறைக்குள் அடிக்கடி கேட்கும் பதில்: ஐந்து பேர்.

இந்த எண் சும்மா வந்ததல்ல. நான்கைந்து பேரிலேயே ஏறக்குறைய 80 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும் என்று ஆய்வாளர் ராபர்ட் விர்ஸி 1992இல் எழுதினார். அடுத்த ஆண்டு யாகோப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் அதற்கு ஒரு கணக்கு கொடுத்தார்கள். அவர்கள் அலசிய திட்டங்களில் ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதக் குறைகளில் இடறினார். இரண்டாமவர் இடறுவதில் பாதிக்குமேல் புதியவை; ஐந்தாமவர் வரும்போது பெரும்பாலும் பார்த்ததையே மறுபடி பார்க்கிறோம். ஐந்து பேரில் 85 சதவீதம் தேறிவிடும். 2000ஆம் ஆண்டில் நீல்சன் எழுதிய ஒரு சிறு கட்டுரை இதை உலகெங்கும் கொண்டுபோனது.

அந்தக் கட்டுரையின் உண்மையான வாதம் பலருக்கு நினைவில்லை. பதினைந்து பேருக்குப் பணம் இருந்தால் ஒரே தடவையில் செலவழிக்காதீர்கள். ஐந்து பேரிடம் சோதித்துத் திருத்துங்கள், திருத்தியதை வேறு ஐந்து பேரிடம் காட்டுங்கள், மறுபடி திருத்துங்கள் என்றுதான் அவர் சொன்னார். சோதனை என்றாலே ஆய்வுக்கூடம், ஒளிப்பதிவு, பெருஞ்செலவு என்று பயந்து சோதிக்காமலே விட்டுவிடுகிற நிறுவனங்களைச் சோதிக்கவைத்தது இந்த மலிவு வழிதான். பூஜ்யம் பேருக்கும் ஐந்து பேருக்கும் உள்ள தூரம், ஐந்துக்கும் ஐம்பதுக்கும் உள்ளதைவிடப் பெரிது. இந்த நன்மையை மறுப்பவர்கள் கெடு தேதி நெருக்கடிக்கு நடுவில் மென்பொருள் செய்து பார்க்காதவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

கோளாறு அந்த 31இல் இருக்கிறது. அது சராசரி. கண்ணில் குத்துகிற குறைகளுக்கு அது பொருந்தும். பத்தில் ஒருவருக்கு மட்டுமே வருகிற குறை என்றால், அதே கணக்கின்படி ஐந்து பேரில் அது தென்பட 41 சதவீதம்தான் வாய்ப்பு. இருபதில் ஒருவருக்கு வருவதென்றால் 23 சதவீதம். அந்த ஒருவர் பெரும்பாலும் யார்? சிறிய எழுத்து படிக்க முடியாத முதியவர், திரை வாசிப்பான் துணையோடு இயங்கும் பார்வையற்றவர், பழைய போன் வைத்திருப்பவர். மாற்று வழி குறைவாக உள்ளவர்களே கணக்கிலிருந்து முதலில் நழுவுகிறார்கள்.

எதிர்ச்சான்றுகளும் விரைவிலேயே வந்தன. ஜாரெட் ஸ்பூலும் வில் ஷ்ரோடரும் 2001இல் நான்கு இணையதளங்களில் 49 பேரைக் கவனித்துவிட்டு, 85 சதவீதத்தை எட்ட ஐந்து பேர் கொஞ்சமும் போதாது என்றார்கள். 2003இல் லாரா ஃபாக்னர் 60 பேரைச் சோதித்து, அவர்களிலிருந்து ஐந்து ஐந்து பேராகக் குலுக்கி எடுத்துப் பார்த்தார். சராசரி நீல்சன் சொன்னபடியே 85 வந்தது. ஆனால் சில ஐவர் குழுக்கள் 99 சதவீதத்தைக் கண்டன, சில 55ஐத் தாண்டவில்லை. பத்துப் பேராக்கியபோது மிக மோசமான குழுவும் 80ஐத் தொட்டது. ஒரு நிறுவனத்துக்குக் கிடைப்பது சராசரியல்ல, ஏதோ ஒரு ஐவர். அது 99ஆ 55ஆ என்று சோதித்தவருக்கும் தெரியாது.

பார்க்கிறவர் யார் என்பதும் விளைவை மாற்றுகிறது. டென்மார்க்கின் ரோல்ஃப் மோலிக் நடத்திய ஓர் ஒப்பீட்டில் ஒன்பது குழுக்கள் ஹாட்மெயிலைத் தனித்தனியே சோதித்தன. மொத்தம் 310 குறைகள் பதிவாயின. அவற்றில் முக்கால்வாசிக் குறைகளில் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு குழுவின் கண்ணில் மட்டுமே பட்டிருந்தது.

இவற்றையெல்லாம் ஆள் எண்ணிக்கையைக் கூட்டிச் சரிக்கட்டலாம் என்று தோன்றலாம். பெங்களூருவில் நடந்த ஓர் ஆய்வு அந்த நம்பிக்கையையும் அசைத்தது. நிக்கோலா டெல்லும் இந்திராணி மேதி உள்ளிட்ட உடனாய்வாளர்களும் 450 பேரிடம் இரண்டிரண்டு பொருள்களைக் காட்டி எது பிடித்திருக்கிறது என்று கேட்டார்கள். இரண்டும் ஒன்றேதான், ஆனால் ஒன்று, கேட்பவரே உருவாக்கியது என்று தெரியவைத்தார்கள். அதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கானது. கேட்பவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டவரானபோது ஐந்து மடங்கு. அவருடையதை வேண்டுமென்றே மட்டமாக்கிக் காட்டியபோதும் அதையே விரும்பினார்கள். 2012இல் வெளியான இந்த முடிவு நம் ஊரில் யாரையும் வியக்கவைக்காது. வீடு தேடி வந்தவர் முகம் வாடக் கூடாதென்று ‘நல்லாத்தான் இருக்கு சார்’ என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். இங்கே ஐந்து பேருக்குப் பதில் ஐந்நூறு பேரைக் கேட்டாலும் அதே மரியாதைதான் நூறு மடங்காகும். கருத்துக் கேட்பதை விட்டுவிட்டு வேலை முடிந்ததா, விரல் எங்கே நின்றது என்று பார்த்தால் இந்தச் சாய்வு குறையும். அதற்கும், செய்தவர் ஒருவர் சோதிப்பவர் வேறொருவர் என்ற ஏற்பாடு வேண்டும்; சிறு நிறுவனங்களில் இரண்டும் பெரும்பாலும் ஒரே ஆள்தான்.

யாரைச் சோதிக்கிறோம் என்பதில் ஆய்வுலகம் மட்டும் சுத்தமா? இத்துறையின் தலையாய மாநாடான சிஎச்ஐயில் 2016 முதல் 2020 வரை வந்த கட்டுரைகளை அலசியவர்கள், 73 சதவீத முடிவுகள் மேற்கத்திய நாட்டவரிடமிருந்தே வந்தவை என்று கண்டார்கள். அந்நாடுகளில் வாழ்வோர் உலக மக்களில் 12 சதவீதத்துக்கும் குறைவு.

என் தீர்ப்பு இதுதான்: ஐந்து பேர் சோதனை, செய்துகொண்டிருக்கும் பொருளைத் திருத்துவதற்கான கருவி. அந்த வேலைக்கு அது இன்றும் தோதானது, கைவிடக் கூடாது. செய்து முடித்த பொருளுக்குச் சான்றிதழாக அதை நீட்டுவது தவறு. அரசுச் சேவை, வங்கி, மருத்துவம் போன்ற இடங்களில் ஆபத்தும்கூட. ஆகவே ‘பயனர்களிடம் சோதித்துவிட்டோம்’ என்று ஒரு திட்ட அறிக்கையில் படித்தால், எத்தனை பேர் என்பதோடு நிறுத்தாதீர்கள். அவர்களின் வயது என்ன, எந்த மொழியில் படிப்பவர்கள், கையில் என்ன போன், எத்தனை சுற்று நடந்தது, எதிரே உட்கார்ந்து கேட்டவர் யார் என்று கேளுங்கள்.