தந்தையின் தண்டனையும் மைந்தனின் வலிமையும்: ஒரு சித்திரக்கதைப் பகைவனின் கற்பனை வரலாறு

வெகுசன இலக்கியத்தை ஆராயப் புகும் முற்போக்கு விமரிசகர் பெரும்பாலும் நாயகனிடமே நின்றுவிடுகின்றனர். அமெரிக்கச் சித்திரக்கதைகளைப் பொறுத்தவரை இது மிகவும் உண்மையாகும். சுப்பர்மனின் தேசாபிமானம் பற்றியும் பற்மனின் பரம்பரைச் சொத்துப் பற்றியும் வேண்டிய அளவு எழுதப்பட்டாயிற்று. நாயகனோடு மோதி வீழ்வதற்கெனவே படைக்கப்படும் பலசாலிப் பகைவன்மீது அத்துணைக் கவனஞ் செலுத்தப்படவில்லை. நாயகனின் வலிமை எங்கிருந்து வந்ததாயினும் அது நீதியின் வலிமை என்பதைக் கதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்கிறது. பகைவனின் வலிமைக்கோ ஒரு காரணம் கூறவேண்டியிருக்கிறது. அக்காரணத்தைத் தேடும்பொழுது கதை, தான் சொல்ல நினையாத சிலவற்றையும் சொல்லிவிடுகிறது.

நாம் இங்கு எடுத்துக்கொள்வது பெய்ன் என்னும் பாத்திரமாகும். அழிவு, பீடை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லே இவனது பெயர். டீசீ நிறுவனம் 1993 சனவரித் திகதியிட்டு வெளியிட்ட 'பெய்னின் வஞ்சம்' என்ற தனியிதழில் இவன் முதன்முதலாகத் தோன்றினான். சக் டிக்ஸன், டக் மென்ச், கிறஹாம் நோலன் ஆகிய மூவரும் சேர்ந்து உருவாக்கிய பாத்திரம் இது. அவ்விதழை எழுதியவர் டிக்ஸன்; வரைந்தவர் நோலன்.

கதையின்படி, கரிபியன் கடலில் சாந்தா பிறிஸ்கா என்றொரு தீவு உண்டு. அங்கே நிகழ்ந்த புரட்சி ஒன்று தோல்வியடைகிறது. புரட்சியிற் பங்குகொண்ட ஒருவன் தப்பிச் செல்கிறான். அவனுக்குரிய ஆயுட்தண்டனையை அவனுடைய மகன் அனுபவிக்கவேண்டுமெனத் தீவின் நீதிமன்று தீர்ப்பளிக்கிறது. குழந்தை பெனியா டூறோ என்னுஞ் சிறையிலே வளர்கிறது. தாய் இறக்கிறாள், சிறுவன் தனித்துவிடப்படுகிறான். எட்டு வயதில் முதற் கொலையைச் செய்கிறான். கொலைக்கான கத்தி அவனுடைய கரடிப் பொம்மையின் முதுகிலுள்ள துவாரத்தில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. கைக்கெட்டிய நூல்களையெல்லாம் வாசிக்கிறான். சிறையிலிருந்த முதிய யேசுசபைப் பாதிரியார் ஒருவரிடம் செவ்வியற் கல்வி பெறுகிறான். ஆங்கிலம், ஸ்பானியம், போர்த்துக்கேயம், இலத்தீன் ஆகிய மொழிகள் அவனுக்குக் கைவருகின்றன. உடலையும் ஓயாது பயிற்றுகிறான். காலப்போக்கில் கைதிகள் அவனைத் தம் அரசனாக ஏற்கின்றனர்.

இவ்விடத்திலே சற்றுத் தரித்து நிற்பது தகும். தந்தையின் குற்றத்துக்காக மைந்தன் சிறையிருத்தல் என்பது முதலாளித்துவச் சட்டத்தின் அடிப்படைக் கோட்பாட்டுக்கே முரணானது. குற்றமுந் தண்டனையுந் தனிமனிதனுக்குரியவை என்று அச்சட்டங் கூறும். ஆனால் சொத்து மட்டும் தந்தையிடமிருந்து மைந்தனுக்குச் செல்லலாம். பற்மன் அதற்குச் சிறந்த சான்று. கொதம் நகரின் புறூஸ் வெய்ன் மாளிகையையும் கோடிக்கணக்கான டொலர்களையும் மரபுரிமையாகப் பெற்றான். சாந்தா பிறிஸ்காவின் பெயரற்ற சிறுவன் ஆயுட்தண்டனையை மரபுரிமையாகப் பெற்றான். இருவரும் சிறுவயதிற் பெற்றோரை இழந்தவர்கள். இருவரும் அறிவாலும் உடற்பயிற்சியாலும் தம்மை ஆக்கிக்கொண்டவர்கள். ஒப்புமை தற்செயலானதன்று, கதாசிரியர்கள் திட்டமிட்டே அமைத்தனர். ஆயினும் அவர்கள் அதனை இரு மனிதரின் ஒப்புமையாகவே கண்டனர். இரு நாடுகளின் உறவு அதனுள் எந்த அளவுக்கு வந்து புகுந்துவிட்டது என்பதே எமது வினா.

சிலி நாட்டிலே 1971ஆம் ஆண்டு ஏரியல் டோர்ப்மனும் ஆர்மண்ட் மற்றெலாரும் டொனால்ட் டக் பற்றி எழுதிய நூலை இத்துறையில் ஈடுபடுவோர் அறிவர். 1973 இராணுவச் சதியின் பின்னர் அந்நூல் அங்கு எரியூட்டப்பட்டது. டிஸ்னியின் உலகிலே தந்தையரும் இல்லை, உழைப்பும் இல்லை, வரலாறும் இல்லை என்று அவர்கள் காட்டினர். அவ்வாய்வின் பெறுமதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் அதனை எல்லாச் சித்திரக்கதைகளுக்குமான வாய்பாடாகக் கொள்வோர் பெய்ன் போன்ற பாத்திரத்தின் முன் திகைக்கவே நேரிடும். இங்கே தந்தை உண்டு, தோற்ற புரட்சி உண்டு, சிறை உண்டு, நீதிமன்று உண்டு. வரலாறு மறைக்கப்படவில்லை, கதையின் முதற் பக்கங்களிலேயே கிடக்கிறது. 'ஏகாதிபத்தியக் குப்பை' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்டு நகரும் விமரிசனம், வாசகன் அக்கதையில் எதைக் கண்டு ஈர்க்கப்படுகிறான் என்பதை ஒருபோதும் அறியப்போவதில்லை.

இனி, வலிமை. பெய்னின் அசுர பலம் பிறவியில் வந்ததன்று. சிறையதிகாரிகள் 'வெனம்' என்ற மருந்தைக் கைதிகள்மீது பரிசோதிக்கின்றனர். ஏனையோர் அனைவரும் மாண்டுபோக இவன் ஒருவனே பிழைக்கிறான். உடற்பலம் பன்மடங்கு பெருகுகிறது. ஆனால் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை குழாய்வழியே மருந்து செலுத்தப்படாவிடின் அவன் நிலைகுலைந்துவிடுவான்.

கைதியின் உடலைப் பரிசோதனைக் களமாக்குதல் கதாசிரியரின் கற்பனை அல்ல. பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பேர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை கைதிகள்மீது மருந்துகளும் இரசாயனப் பொருட்களும் பரிசோதிக்கப்பட்டன. குவாத்தமாலாவிலே 1946-48 காலப்பகுதியில் ஐக்கிய அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவையைச் சேர்ந்த மருத்துவர்கள் கைதிகளுக்கும் படையினருக்கும் மனநோயாளருக்கும் பாலியல் நோய்களை வேண்டுமென்றே தொற்றச் செய்தனர். இச்செய்தி 2010இலேதான் உலகறிய வெளிவந்தது. அவ்வாண்டு அமெரிக்க அரசு மன்னிப்புக் கோரியது. 1993இல் எழுதிய டிக்ஸன் குவாத்தமாலா விவகாரத்தை அறிந்திருக்க நியாயமில்லை. ஆனால் மத்திய அமெரிக்கச் சிறை, மருத்துவர், பெயரற்ற கைதிகளின் சாவு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த ஒரு படிமம் அவர் கையில் இயல்பாக வந்து விழுந்ததே, அது சிந்தனைக்குரியது.

'வெனம்' பெய்னுக்கெனக் கண்டுபிடிக்கப்பட்ட மருந்துமன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1991இல், டெனிஸ் ஓ'நீல் எழுதிய ஐந்து இதழ்த் தொடரிலே அதனை முதலில் உட்கொண்டவன் பற்மன்தான். நீரில் அகப்பட்ட சிறுமி ஒருத்தியைக் காப்பாற்றப் பாறையொன்றைத் தூக்க அவனால் இயலவில்லை, அவள் இறக்கிறாள். தன் பலம் போதாதெனக் கருதிய பற்மன் குளிசைகளை விழுங்கத் தொடங்கி அவற்றுக்கு அடிமையாகிறான். பின்னர் தன் நிலையை உணர்ந்து, தன் குகையிலே ஒரு மாதம் தன்னைத்தானே பூட்டிக்கொண்டு, பழக்கத்திலிருந்து மீண்டு வெளிவருகிறான். மருந்தை ஆக்கியவரும் அதனால் வலிய படைவீரரை உருவாக்க விழைந்த தளபதியும் தம் பரிசோதனைகளைத் தொடரத் தேர்ந்த இடம் சாந்தா பிறிஸ்கா.

இவ்விரு கதைகளையும் அடுத்தடுத்து வைத்து வாசிப்போருக்கு நாம் அதிகம் விளக்கவேண்டியதில்லை. மருந்து ஒன்றே. வடக்கின் செல்வந்தன் அதனைத் தானே விரும்பி உட்கொண்டான். கரிபியன் கைதிக்கு அது பலாத்காரமாக ஏற்றப்பட்டது. செல்வந்தன் பூட்டிக்கொண்ட அறை அவனுக்குச் சொந்தமானது. வாயிலிலே பணியாளன் இருந்தான். கைதியின் அறை அரசுக்குச் சொந்தமானது. வாயிலில் நின்றவன் காவலன். ஒருவன் மீண்டதைக் கதை மனவுறுதி என்கிறது. மற்றவன் மீளாததைக் கதை அவனது இயல்பு ஆக்கிவிடுகிறது. சமூக உறவு ஒன்று தனிமனித ஒழுக்கமாக உருமாறும் கணத்தை இத்துணைத் துலக்கமாகக் காட்டும் பிறிதொரு வெகுசனப் படைப்பு எளிதிற் கிட்டாது. கழுத்துக்குப் பின்னால் நுழையும் அக்குழாயையும் நாம் கவனிக்கவேண்டும். பெய்னின் வலிமை அவனுடையதாகத் தோன்றினாலும் அதன் ஊற்று அவனுக்கு வெளியே, அவனைச் சிறைப்படுத்தியோரின் கண்டுபிடிப்பிலே இருக்கிறது. இயந்திரத்துடன் பிணைக்கப்பட்ட தொழிலாளிபற்றி மார்க்ஸ் கூறியவை நினைவுக்கு வருகின்றன.

பெய்னைப் படைத்தோர் அவனை 'டொக் சவேஜ்' என்னும் பழைய நாயகனின் இருண்ட வடிவமாகக் கருதினர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1933இல் மலிவுத்தாள் சஞ்சிகையொன்றிலே தோன்றிய டொக் சவேஜ் அறிவும் உடற்பலமும் ஒருங்கே வாய்ந்தவன். அவனுடைய நற்பணிகளுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? ஹிடால்கோ என்ற கற்பனை மத்திய அமெரிக்க நாட்டின் மாயா இனத்தவரது பொன்னிலிருந்து. அறுபது ஆண்டுகளின் பின்னர் அதே கடற்பரப்பிலிருந்து அவனுடைய நிழல் பகைவனாக வந்து சேர்ந்தது.

கொதம் நகருக்கு வரும் பெய்ன், 'நைற்போல்' எனப்பட்ட நீண்ட தொடரிலே, ஆர்க்கம் மனநோய்ச் சிறையை உடைத்துக் குற்றவாளிகளை வெளியேற்றுகிறான். அவர்களைத் துரத்தித் துரத்திப் பற்மன் களைத்துப்போனபின் அவனது மாளிகையிலேயே காத்திருந்து முதுகெலும்பை முறிக்கிறான். 1993 யூலைத் திகதியிட்ட 497ஆம் இதழ். இதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே அந்நிறுவனம் சுப்பர்மனைச் சாகடித்து இலட்சக்கணக்கான பிரதிகளை விற்றிருந்தது. நாயகரின் சாவும் ஊனமும் சேகரிப்போர் சந்தையிலே நல்ல சரக்காயிருந்த காலம் அது. அச்சந்தை விரைவிற் சரிந்தது. 1996 திசெம்பரில் போட்டி நிறுவனமான மார்வெல் வங்குரோத்து மனு விண்ணப்பித்தது. பெய்னின் தோல்வியோ 1993இலேயே நிகழ்ந்துவிட்டது: 500ஆம் இதழிலே பற்மனின் உடையணிந்த இன்னொருவன் அந்த மருந்துக் குழாய்களை அறுத்தெறிகிறான், பலசாலி மண்டியிடுகிறான். பகைவனை வெல்வதற்கு அவனது வரலாற்றை அறிந்திருந்தாற் போதும் என்பது கதைக்குத் தெரிந்திருந்தது. அவ்வறிவு வெட்டுவதற்கு மட்டுமே பயன்பட்டது.

பிற்காலத்திலே பெய்ன் தன் தந்தையைத் தேடிச் செல்கிறான். இத்தேடல்தான் அவனது கற்பனை வரலாற்றின் மிகவுஞ் சுவையான பகுதி என்பது எமது கருத்து. சித்திரத்தின் தரம் அவ்வளவு சிலாகிக்கத்தக்கதல்ல. 2000களின் தொடக்கத்தில் வெளிவந்த கதைகளிலே, தந்தை ஓர் அமெரிக்க மருத்துவராக இருக்கக்கூடுமென்ற துப்புக் கிடைக்கிறது. அம்மருத்துவர் தோமஸ் வெய்ன், பற்மனின் தந்தை! சிறிது காலம் நாயகனும் பகைவனும் உடன்பிறந்தோர் என்ற சாத்தியம் நிலவுகிறது. கொதமின் செல்வமும் சாந்தா பிறிஸ்காவின் சிறையும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை என்ற உண்மையைக் கதை ஏறக்குறைய உச்சரித்துவிட்டது. மரபணுச் சோதனை நடக்கிறது, அது பொய்யாகிறது. கதை நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. இறுதியில் தந்தையென நிறுவப்படுபவன் எட்மண்ட் டொறன்ஸ் என்ற ஆங்கிலேயன், 'அரச நாகம்' எனப் பெயர்பூண்ட குற்றக்கும்பற் தலைவன். 1993இல் தோற்ற புரட்சியாளனாக இருந்தவன் பத்தாண்டுகளில் கூலிப்படையாளாகவும் போதைப்பொருட் கடத்தற்காரனாகவும் மாறிவிட்டான். அப்பத்தாண்டிலே உலக அரசியலில் புரட்சி என்ற சொல்லுக்கு நேர்ந்த கதியும் இதுவேயாகும்.

திரைப்படங்களுள் 1997இல் வந்ததைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. நான்கு மொழி அறிந்தவன் அதிலே உறுமும் ஏவலாளாக வருகிறான். 2012இல் கிறிஸ்ரோபர் நோலன் இயக்கிய படம் வேறுவகையானது. அதிலே பெய்ன் பங்குச்சந்தையைத் தாக்குகிறான். பொலிசாரை நிலத்தின்கீழ் அடைக்கிறான். சிறையைத் திறந்து, நகரை மக்களிடம் ஒப்படைப்பதாக அறிவிக்கிறான். செல்வந்தர் வீதிக்கு இழுத்துவரப்படுகின்றனர், மக்கள் நீதிமன்று என்ற பெயரிலே கேலிக்கூத்து நடக்கிறது. இது வோல்ஸ்ரீற் ஆக்கிரமிப்பு இயக்கத்துக்கு எதிரான படமென அக்காலத்தில் இடதுசாரிகள் சிலர் எழுதினர். படப்பிடிப்பு 2011 மே மாதம் தொடங்கியது. அவ்வியக்கமோ அவ்வாண்டு செப்ரெம்பரிலேதான் எழுந்தது. 2008 நிதி நெருக்கடியே இரண்டுக்கும் பொதுவான பின்புலம் எனக் கொள்வதே பொருத்தமாகும். படத்திற்கு அகத்தூண்டுதலாயமைந்தது பிரெஞ்சுப் புரட்சியை அச்சத்தோடு நோக்கிய டிக்கன்ஸின் 'இரு நகரங்களின் கதை' என்பதை நோலன் சகோதரர்களே ஒப்புக்கொண்டுள்ளனர்.

அவ்வாண்டு அமெரிக்கத் தேர்தற் பிரசாரத்தின்போது வேடிக்கையொன்று நடந்தது. குடியரசுக் கட்சி வேட்பாளர் றொம்னியின் பழைய நிறுவனத்தின் பெயரும் 'பெய்ன்' என்றே ஒலித்தமையால், அவரை இழிவுபடுத்தவே இப்பெயர் தெரியப்பட்டதென வலதுசாரி வானொலியாளர் றஷ் லிம்போ ஐயங்கிளப்பினார். பழைமைவாதியெனத் தம்மைக் கூறிக்கொள்ளும் டிக்ஸன் அதனை மறுத்தார். தமது பாத்திரம் வோல்ஸ்ரீற் ஆக்கிரமிப்பாளருக்கே நெருங்கியவன் என்றார். ஆக, பகைவன் எவ்வர்க்கத்தைச் சேர்ந்தவன் என்பதில் அவனைப் படைத்தவருக்கு எவ்விதக் குழப்பமும் இருக்கவில்லை.

ஆனால் படத்தின் முடிவு டிக்ஸனின் கூற்றையுந் தாண்டிச் செல்கிறது. சிறையிலே பிறந்து, தந்தைக்காகத் தண்டனை அனுபவித்து, எவரும் ஏறாத கிணற்றுச் சுவரில் ஏறித் தப்பிய குழந்தை பெய்ன்தான் என்று பார்வையாளரைப் படம் நெடுநேரம் நம்பவைக்கிறது. இறுதிக் கட்டத்திலே அக்குழந்தை தாலியா என்பது வெளியாகிறது. அவள் ரகசியச் சங்கமொன்றின் தலைவனுடைய மகள்; கொதமின் செல்வந்தர் சபையிலே இருக்கை பெற்றவள். பெய்ன் அவளைக் காத்த காவலன் மட்டுமே. அணுகுண்டும் அவளுடையது, திட்டமும் அவளுடையது, புரட்சியெனப்பட்டது அவளுடைய பழிவாங்கலுக்கான திரை. அவன் முகத்திலுள்ள கவசம்கூட வலிமை தருவதன்று, அக்குழந்தையைக் காக்கப்போய்ப் பெற்ற காயங்களின் வலியை அடக்கும் வாயுவுக்கானது. 1993இல் சாந்தா பிறிஸ்காவின் நீதிமன்று அச்சிறுவனிடமிருந்து விடுதலையை மட்டுமே பறித்தது. 2012இல் அவனுடைய பிள்ளைப்பருவமும் பறிக்கப்பட்டு, உயர்குலத்துப் பெண்ணொருத்தியின் பெயரில் உறுதி எழுதப்பட்டது. அதன்பின் அவனைப் பீரங்கியாற் சுட்டுவீழ்த்தப் படத்துக்கு ஒரு விநாடியே போதுமாயிருந்தது.