வெளியே போக ஒரு காரணம்

அண்மையில் இரண்டு சண்டை வீடியோ கேம்களை ஆடி முடித்தேன். இரண்டிலும் கதை நடப்பது இந்தியாவில். இரண்டிலும் நாம் பெண்ணாக ஆடுகிறோம்.

முதலாவது, புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் உருவாக்கி, 2020இல் வெளிவந்த 'ராஜி'. ரக்ஷா பந்தன் நாளில் அசுரர்கள் தம்பி கோலுவைத் தூக்கிப் போகிறார்கள். உடன்பிறந்தவன் காப்பான் என்று கயிறு கட்டும் நாளில், துர்க்கை தந்த சூலத்தோடு அக்காள் அவனைக் காக்கக் கிளம்புகிறாள். தூணைப் பிடித்துச் சுழன்று, சுவரில் ஏறி ஓடிப் பாய்ந்து அடிக்கிறாள். எங்கள் கானாடுகாத்தானின் பெரிய வீடுகளில் முகப்புத் தூண்கள் ஆண்கள் சாய்ந்து பேசுவதற்கு. பெண்களுக்கு வேலை பின்கட்டில். அந்தத் தூண்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு ராஜியின் ஒவ்வொரு சுழற்சியும் இனிக்கிறது. ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது: தம்பி தொலையாமல் இருந்திருந்தால் அவள் கைக்குச் சூலம் வந்திருக்குமா?

இரண்டாவது, 2017இல் வந்த 'அன்சார்டட்: தி லாஸ்ட் லெகசி'. குளோயி பிரேசர் பிள்ளையாரின் தந்தத்தைத் தேடிப் போகிறாள். அவளுக்கும் ஒரு குடும்பக் காரணம் உண்டு: அப்பா விட்டுப்போன தேடல் அது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலை அத்தியாயத்தில் அவளும் நாடினும் ஜீப்பில் மனம்போல் சுற்றலாம். கதைக்குத் தேவையே இல்லாத ஹொய்சாள வில்லைகளைத் தேடி இடிபாடுகளெங்கும் அலைந்தேன்.

யாரையும் மீட்க வேண்டாம். "எங்கே போறே, எதுக்குப் போறே?" என்று யாருக்கும் பதில் சொல்லவும் வேண்டாம். ராஜியின் சூலத்தைவிட எனக்கு அந்த ஜீப் பெரிது.