ஒரு டேபிளிலிருந்து இன்னொரு டேபிளுக்கு: அப்டேட் கட்டளையின் பாணிகள்

ஒரு டேபிளில் இருக்கும் மதிப்பை எடுத்து இன்னொரு டேபிளின் நெடுவரிசையில் நிரப்புவது தரவுத்தள வேலையில் அன்றாடம் வருவது. ஆனால் இதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே நடை இன்றுவரை அமையவில்லை. 1974இல் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் சேம்பர்லினும் பாய்ஸும் உருவாக்கிய சீக்வல் மொழிதான் எல்லாவற்றுக்கும் மூலம்; அதன் வாரிசுகள் இந்த ஓர் இடத்தில் தனித்தனி வழியில் போய்விட்டன.

1992ஆம் ஆண்டு எஸ்க்யூஎல் தரம் காட்டிய வழி, செட் பகுதிக்குள்ளேயே ஒரு செலக்ட் எழுதுவது. ஊழியர் டேபிளில் ஐந்து பேர், திருத்தம் டேபிளில் மூவருக்கு மட்டும் புதிய சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். வேர் எக்சிஸ்ட்ஸ் போடாமல் ஓட்டினால் மற்ற இருவரின் சம்பளம் நல் (மதிப்பில்லாதது) ஆகிவிடும். கவனம் கேட்கும் பாணிதான். ஆனாலும் நேர்மையானது: ஊழியர் 104க்கு 42,000 என்றும் 45,000 என்றும் இரண்டு திருத்தங்கள் இருந்தால், பிழை சொல்லி நின்றுவிடும்.

எஸ்க்யூஎல் சர்வரும் போஸ்ட்கிரெஸ்ஸும் கையாளும் அப்டேட் ஃப்ரம் எழுதச் சுலபம், படிக்கவும் சுலபம். எஸ்க்யூலைட்டும் 2020இல் 3.33 பதிப்பில் இதை ஏற்றது. ஆனால் அதே 104க்கு இது இரண்டில் ஏதோ ஒன்றை எழுதிவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடும். எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதை போஸ்ட்கிரெஸ் ஆவணமே ஒப்புக்கொள்கிறது. எஸ்க்யூஎல் சர்வருக்கும் போஸ்ட்கிரெஸ்ஸுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. எஸ்க்யூஎல் சர்வரில் இலக்கு டேபிளை ஃப்ரம் பகுதியில் மாற்றுப்பெயரோடு மறுபடி எழுதுவது வழக்கம். அதே வரிகளை போஸ்ட்கிரெஸ்ஸில் ஓட்டினால் அது இன்னொரு பிரதியாகக் கொள்ளப்பட்டு, திருத்தமே இல்லாத ஊழியரின் சம்பளமும் மாறிவிடும். இடம்பெயர்ப்பு வேலை செய்பவர்கள் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

மைஎஸ்க்யூஎல் செட்டுக்கு முன்பே ஜாயினை எழுதவைக்கும். ஆரக்கிளின் ஜாயின் வியூ பாணியே எல்லாவற்றிலும் கறாராக இருந்தது. மூல டேபிளில் சாவி தனித்துவமானது என்பதற்கு யுனீக் கட்டுப்பாடோ பிரைமரி கீயோ இல்லையென்றால், அதன் பழைய பதிப்புகள் 01779 எண் பிழையோடு கட்டளையையே ஏற்க மறுத்தன.

2003ஆம் ஆண்டுத் தரத்தில் மெர்ஜ் என்னும் கட்டளை வந்தது. போஸ்ட்கிரெஸ் அதைச் சேர்த்துக்கொள்ள 2022இல் வந்த 15ஆம் பதிப்புவரை ஆயிற்று. ஒரே வரிசையை இரண்டாம் முறை தொட நேர்ந்தால் மெர்ஜ் பிழை காட்டி நிற்கும். சந்தேகம் வந்தால் நிற்கும் பாணியே உயர்ந்தது என்பது என் தீர்ப்பு. யாருடைய சம்பளத்தையும் ஊகத்துக்கு விடலாகாது.

எந்தப் பாணியில் எழுதினாலும், மூல டேபிளில் ஒரே சாவி இருமுறை வருகிறதா என்று குரூப் பை போட்டு முதலில் பாருங்கள். டிரான்சாக்‌ஷனுக்குள் ஓட்டி, மாறிய வரிசைகளின் எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் கமிட் கொடுங்கள்.