முடி வெட்டிய பிறகு பாடும் பாட்டு

மலாய் ரோக் குழுக்களின் மறுசந்திப்புக் கச்சேரிகளில் ஒரு சொல் தவறாமல் வந்துவிடும். வேர். சுவரொட்டியில் இருக்கும். இரண்டு பாட்டுக்கு நடுவே பாடகர் மூச்சு வாங்கும்போது, நாமெல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவர்கள் என்பார். கூட்டம் கைத்தட்டும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் வேர் என்றால் மண்ணுக்கு அடியில் இருப்பது. அதைக் காட்ட வேண்டுமென்றால் தோண்ட வேண்டும். இந்தக் கச்சேரிகள் தோண்டுவதில்லை என்பதுதான் என் புகார். பாடல்கள்மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை.

ரோக் காப்பாக் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். காப்பாக் என்றால் கோடரி. 1980களின் நடுவிலிருந்து 1990களின் தொடக்கம்வரை மலேசியாவை ஆட்டிவைத்த மலாய் கனரக ரோக்குக்குக் கேலியாகவும் பெருமையாகவும் வழங்கும் பெயர். இறுக்கமான ஜீன்ஸ், தோள் தாண்டிய முடி, உச்சத்தில் பிளிறும் குரல், அதற்குப் பின் நெஞ்சைப் பிழியும் மெதுவான காதல் பாட்டு. இந்தக் கடைசி வகையைத்தான் மலாய் நண்பர்கள் 'ஜீவாங்' என்பார்கள். 1981இல் ஜொகூர் பாருவில் தொடங்கிய செர்ச், 1985இல் கோலாலம்பூரில் தொடங்கிய விங்ஸ் இரண்டும் இதன் தூண்கள். செர்ச்சின் 1989ஆம் ஆண்டு இசைத்தட்டான 'ஃபெனோமெனா'வில் வந்த 'இசபெல்லா' இந்தோனேசியாவரை போய் வென்றது.

இப்போது வேருக்கு வருவோம். ஸ்கூடாயில் பொறியியல் படித்த நான்கு வருடமும் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் விளக்குகளைப் பார்த்திருக்கிறேன். இந்த இசையின் வேரில் பாதி அங்கேதான் இருக்கிறது. ரம்லி சாரிப் பாடிய சுவீட் சேரிட்டி சிங்கப்பூர்க் குழு. செர்ச்சுக்கு முன்பே மலாய் மொழியில் கனமான ரோக் பாட முடியும் என்று காட்டியவர்கள். செர்ச்சின் சிறந்த பாடல்கள் பலவற்றுக்குப் பின்னால் இருக்கும் எம். நாசிர் சிங்கப்பூரில் பிறந்தவர். இன்னும் பின்னால் போனால் 1960களின் 'பொப் ஏ ஏ' குழுக்கள். அதற்கும் பின்னால் பிரிட்டிஷ் இராணுவ முகாம்களும் நடனக்கூடங்களும். செர்ச்சின் புகழ்பெற்ற கித்தார்க் கலைஞர்களில் ஒருவரான ஹிலரி ஆங் சீனர். ஒரு எல்லை, மூன்று நான்கு இனங்கள், ஒரு காலனியம் எல்லாம் பின்னிக்கிடக்கும் வேர் இது. மேடையில் 'ஒரே வேர்' என்று சொல்லும்போது இதில் எதுவும் மிஞ்சுவதில்லை. ஏதோ ஒரு கம்போங்கில் ஒரே இரவில் முளைத்ததுபோல் ஆகிவிடுகிறது.

அடுத்து முடி. இதைச் சொல்லாமல் மலாய் ரோக்கின் கதையைச் சொல்லவே முடியாது. 1992இல் அன்றைய தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட், நீண்ட முடி வைத்த ரோக் கலைஞர்கள் ஆர்டிஎம்மில் தோன்றக் கூடாது என்றார். அந்தக் காலத்தில் வானொலியும் தொலைக்காட்சியும் கைவிட்டால் பாடகனுக்குப் பிழைப்பு இல்லை. கடைசியில் செர்ச்சின் ஏமியும் விங்ஸின் அவியும் முடியை வெட்டிக்கொண்டார்கள். கத்தரிக்கோலை எடுத்தவர் அமைச்சரே. அது செய்தியானது, படமானது, நாடே பார்த்தது. சிங்கப்பூரில் இது இன்னும் முன்னாலேயே நடந்துவிட்டது. 1972இல் முடியைக் காரணம் காட்டி லெட் செப்லின் குழுவையே திருப்பி அனுப்பிய ஊர் அது. ரம்லி சாரிப் தன் முடிக்காகத் தொலைக்காட்சியில் தோன்ற முடியாமல் இருந்தவர். அதே ரம்லி சாரிப் 2020ஆம் ஆண்டு தேசிய தின நிகழ்ச்சியில் தன் கரகரத்த குரலில் தேசிய கீதத்தைப் பாடினார். இங்கே அவி இன்று டத்தோ.

இதை நான் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கலைஞனுக்கு மரியாதை வந்து சேர்வது நல்லதுதான், தாமதமாக வந்தாலும். ஆனால் தடை போட்டவரும் பட்டம் கொடுப்பவரும் ஒரே வீட்டுக்காரர் என்றால், இடையில் என்ன நடந்தது என்று யாராவது கேட்கணும். மறுசந்திப்புக் கச்சேரி கேட்கலாம். அதற்கு மேடை இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது, பத்தாயிரம் காது இருக்கிறது. கேட்பதில்லை.

சில வருடத்துக்கு முன் வேலையிடத்து மலாய் நண்பர்களோடு புக்கிட் ஜாலிலில் அப்படி ஒரு கச்சேரிக்குப் போனேன். பாட்டு தொடங்குவதற்கு முன் பெரிய திரையில் பத்து நிமிட வரலாற்றுப் படம் ஓடியது. மோட்டார் சைக்கிள், டெனிம் சட்டை, கேசட், பாசார் செனி வாசலில் கித்தாரோடு உட்கார்ந்திருக்கும் பையன்கள். எல்லாம் அழகான பழுப்பு நிறத்தில். கத்தரிக்கோல் மட்டும் வரவில்லை. 1992 என்ற வருடமே அந்தப் படத்தில் இல்லை. 1991க்குப் பிறகு நேரே ஏதோ ஒரு விருது விழா.

இசை எப்படி இருந்தது? நேர்மையாகச் சொன்னால், நன்றாக இருந்தது. நானும் வீட்டில் கித்தார் தட்டுகிறவன் என்பதால் முதலில் கவனித்தது சுருதியை. பல பாடல்களை இறக்கியிருந்தார்கள். அறுபதைத் தொடும் தொண்டைக்கு அது நியாயம். இறக்கியும் எட்டாத இடங்களில் பாடகர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார். அந்த உச்ச இடத்தைக் கூட்டம் பாடியது. என் பக்கத்தில் இருந்தவர் ஐம்பது வயதைத் தாண்டியவர், கையில் தொழிற்சாலைப் பாதுகாப்புக் காலணியின் தழும்புபோல ஏதோ ஓர் எண்ணெய்க் கறை. கண்ணை மூடிக்கொண்டு, சுருதியே இல்லாமல், உயிரைக் கொடுத்துப் பாடினார். இந்த மாதிரிக் கச்சேரிகளின் சிறந்த கணம் இதுதான். பாடகனால் எட்ட முடியாததை அவனைக் கேட்டு வளர்ந்தவர்கள் எட்டித் தருவது. இதை ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் அந்த அண்ணன் நின்றது கடைசிப் பகுதியில். முன்வரிசையில் நிறுவன விருந்தினர்கள் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். அந்த இருக்கையின் விலையில் என் கார் தவணையில் பாதியைக் கட்டலாம். ஒரு காலத்தில் நகரத்துக்குப் பிழைக்க வந்த தொழிலாளிப் பையன்களின் இசை இது. அவர்களை 'கூத்து' என்று, அதாவது பேன் என்று, பத்திரிகைகள் திட்டின. இன்று அதே பையன்கள் தங்கள் சொந்த இளமையைத் தூரத்திலிருந்து பார்க்கிறார்கள்.

'இசபெல்லா' வந்தபோது மொத்த அரங்கும் எழுந்தது. மலாய்க்காரர், சீனர், நம்மவர்கள் சிலரும். பாடகர் ஒற்றுமை பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். எனக்கு அங்கேதான் இடித்தது. அந்தப் பாட்டு ஒற்றுமைப் பாட்டே இல்லை. இரண்டு வேறு உலகங்களைச் சேர்ந்த இருவர் சேர முடியாமல் போனதைப் பற்றிய பாட்டு. போப் லோக்மான் எழுதிய அந்த வரிகளின் முழு பலமும், இடைவெளியை மூடாமல் விட்டதில் இருக்கிறது. முப்பது வருடத்துக்கும் மேலாக இந்த நாட்டில் எல்லா இனத்தவரும் இதை முணுமுணுப்பது ஏன்? நாமெல்லாம் ஒன்று என்பதாலா? நாம் ஒன்றாக முடியாத ஏதோ ஓர் இடம் எல்லாருக்கும் தெரியும் என்பதாலா? எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. நம் ஊரில் வேறு இனத்துப் பெண்ணையோ பையனையோ காதலித்துவிட்டு விட்டுக்கொடுத்தவர்கள் எத்தனை பேர். அவர்களுக்கு இந்தப் பாட்டு எதற்கு என்று விளக்கத் தேவையில்லை. அதைக் கொடி அசைத்துப் பாடும்போது பாட்டு சின்னதாகிவிடுகிறது.

இதில் நமக்கென்ன என்று சில நண்பர்கள் கேட்பார்கள். "மலாய்க்காரன் கச்சேரிக்குத் தமிழ் இதழ்ல ஏன்டா கட்டுரை?" நமக்கு நிறையவே இருக்கிறது. என் தாய்மாமா ஒருவர் தோட்டத்தில் வளர்ந்தவர். அவர் பெட்டியில் இளையராஜா கேசட்டுகளுக்கு நடுவே செர்ச், விங்ஸ் கேசட்டுகளும் இருந்தன. அவரும் முடி வளர்த்தார், ஆசிரியரிடம் அடி வாங்கினார். அவர் மட்டும் இல்லை, அந்தத் தலைமுறையில் தோட்டத்திலும் புறம்போக்குக் குடியிருப்பிலும் இருந்த பல தமிழ்ப் பையன்களுக்கு இது சொந்த இசை. திரையில் ஓடிய அந்தப் பழுப்புப் படத்தில் என் மாமா மாதிரி ஒரு முகமும் இல்லை. தமிழ்ப் பக்கம் எழுதப்படும் நினைவுக் கட்டுரைகளிலும் அந்த முகம் இல்லை. அங்கே இளையராஜா மட்டும்தான் இருப்பார். இரண்டு பக்கமும் சேர்ந்து அவரை அழித்துவிட்டன.

பினாங்கில் தொடங்கிய அலிகேட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற இரு தமிழ்ச் சகோதரர்கள். மலாய் மெல்லிசையின் உச்சக் குரல்களில் இரண்டு. அவர்கள் பாடிய பெரும் வெற்றிப் பாடல்கள் சிலவற்றுக்கு இசை எம். நாசிர். அதாவது ரோக் காப்பாக்கின் வேரும் இவர்களின் வேரும் ஒரே மண்ணில் போய்ச் சேர்கின்றன. லோகநாதன் 2007இல் இறந்தார். அவர்களைப் பற்றித் தமிழில் நாம் எவ்வளவு எழுதியிருக்கிறோம்? தேடிப் பாருங்கள், வெட்கமாக இருக்கும். மலாயில் பாடியதால் நம்மவர் இல்லை என்று விட்டோமா, தமிழர் என்பதால் அவர்களுடையவர் இல்லை என்று அவர்கள் விட்டார்களா என்றால், பின்னது நடக்கவில்லை. மலாய் ரசிகர்கள் அவர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். விட்டது நாம்தான்.

சரி, கச்சேரி என்றால் பாட்டு. வரலாற்றுப் பாடம் கேட்கவா டிக்கெட் வாங்கினோம்? இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. மூன்று மணி நேரம் பழைய பாட்டுக் கேட்டு அழுதுவிட்டுப் போவது யாருக்கும் உள்ள உரிமை. பாட்டு மட்டும் பாடிவிட்டுப் போகும் கச்சேரியை நான் விமர்சிக்க மாட்டேன். ஆனால் 'வேர்' என்ற சொல்லை விற்கத் தொடங்கியதும் கணக்குக் கேட்கும் உரிமை எனக்கும் வந்துவிடுகிறது.

என் கணக்கு எளிமையானது. ஒன்று, அந்தக் கத்தரிக்கோல் மேடையில் வருகிறதா? கோபமாக வரவேண்டும் என்றில்லை, நகைச்சுவையாகவாவது வரட்டும். மாமாட் காலிட் 2005இல் எடுத்த 'ரோக்' படம் அந்தக் காலத்தையே சிரித்துக்கொண்டு சொன்னது, ஆனால் அந்தப் பையன்களை யாரும் மதிக்கவில்லை என்பதை மறைக்கவில்லை. இரண்டு, இன்றைக்கு இதே வசவைக் கேட்கும் இளைய குழுக்களுக்கு அந்த மேடையில் பதினைந்து நிமிடமாவது கிடைக்கிறதா? 1992 முடிந்துபோன கதை இல்லை. 2005ஆம் ஆண்டின் கடைசி இரவில் கோலாலம்பூரில் ஒரு சின்ன இசைக் கூடத்தில் போலீஸ் புகுந்து நூற்றுக்கணக்கான இளைஞர்களை அள்ளிக்கொண்டு போனது. கறுப்புச் சட்டை போட்டதால் சாத்தான் வழிபாடு என்று சந்தேகம். அந்த இளைஞர்களுக்காக மூத்தவர்கள் பேசுவதுதான் வேர் செய்ய வேண்டிய வேலை. வேர் மேலே இருக்கும் இலைக்குத் தண்ணீர் அனுப்ப வேண்டும், தன் புகைப்படத்தைத் தானே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

மூன்றாவது கணக்கு நமக்கு. தமிழில் இதை யார் எழுதப்போகிறோம்? தோட்டத்துத் திருவிழாக்களில் வாசித்த நம் இசைக்குழுக்களில் கித்தார் பிடித்த அண்ணன்மார் பலர் இன்னும் இருக்கிறார்கள். கிராப் தலையோ வழுக்கையோ, கேட்டால் சொல்வார்கள். எந்தப் பாட்டை எந்தக் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கற்றார்கள், மலாய்க் குழுவில் யார் இவர்களுக்கு எஃபெக்ட் பெட்டி இரவல் கொடுத்தார், எந்தத் திருவிழாவில் சாமி ஊர்வலத்துக்குப் பிறகு செர்ச் பாட்டு வாசித்துத் திட்டு வாங்கினார்கள். என் மாமாவிடம் நான் கேட்டு எழுதத் தொடங்கிவிட்டேன். இதுவரை பதினோரு பக்கம். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவருக்கு வயதாகிறது.